அம்மாவோடு நிஹோன்பாஷி பெரிய கடைகளில் ஒரு வெள்ளிக்கிழமை

டோக்கியோ போவது முடிவானதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊர்ல பெரிய ஜவுளிக்கடை இருக்கா?" என்பதுதான். தி. நகரில் ஒரு கடையின் பட்டுப் பிரிவில் 19 வருஷம் நின்றவர் அவர். வேலை பார்த்தவர் என்று எழுதலாம்தான். ஆனால் அம்மா இன்றைக்கும் "நின்னேன்" என்றுதான் சொல்வார். காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் கால் தரையில். 2012-ல் முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டார்.

எனக்கு பெரிய கடைகள் என்றாலே ஒரு தயக்கம். சில வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில், பளிங்குத் தரை போட்ட ஒரு கடைக்குள் நான் போன நேரத்திலிருந்து வெளியே வரும்வரை காவலாளி ஒருவர் பின்னாலேயே வந்தார். ஒரு சட்டையைக்கூடத் தொட்டுப் பார்க்க மனசு வரவில்லை. அந்த அனுபவத்தோடு, வாங்கும் சக்தி இல்லாத இடத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதா என்று யோசித்தேன். தம்பிதான் சொன்னான், "அக்கா, இங்க தெபாத்தோ அப்படி இல்ல. அம்மாவைக் கூட்டிட்டுப் போ, அவங்களுக்குத்தான் அது புரியும்."

தெபாத்தோ என்பது டிபார்ட்மென்ட் ஸ்டோரின் ஜப்பானியச் சுருக்கம். நம்மூரில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் மளிகைக்கடை நினைவுக்கு வரும். அங்கே அது ஏழெட்டு மாடிக் கடை: கீழே தரைக்கடியில் சாப்பாடு, தரைத்தளத்தில் அழகுசாதனமும் கைப்பையும், மேலே துணிமணி, பாத்திரம், ஓவியம், அதற்கும் மேலே உணவகங்கள், மொட்டை மாடியில் தோட்டம்.

தம்பி இருப்பது நிஷி-கசாயில். நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் வசிக்கும் பகுதி. அங்கிருந்து தோசாய் லைனில் ஏறினால் எங்கும் மாறாமல் கால் மணி நேரத்தில் நிஹோன்பாஷி. கின்சாவுக்குத்தான் எல்லாச் சுற்றுலாக்காரர்களும் போவார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் நிஹோன்பாஷியைச் சொல்வேன். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப்பக்கம் தகாஷிமாயா, அந்தப்பக்கம் மித்சுகோஷி. நடந்தே போய்விடலாம். இரண்டும் தலைமுறைகளாகத் துணி விற்ற குடும்பங்களின் கடைகள். இரண்டு கட்டடங்களும் அரசு பாதுகாக்கும் முக்கியக் கலாச்சாரச் சொத்துகள்.

நாங்கள் போனது 2024 ஜூன், அங்கே மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா சுங்குடிச் சேலை கட்டி, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. நாள் முழுக்க நடக்கப் போகிறோம் என்பதால் ஷூ என் பிடிவாதம். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொன்னதும் நான்தான், நகரும் படிக்கட்டில் கரை மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே மித்சுகோஷி வாசலுக்கு வந்துவிட்டோம். திறக்கும் நேரத்துக்குப் போங்கள், இதை எல்லாரிடமும் சொல்கிறேன். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் படுத்திருக்கும். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்துச் சிங்கங்களைப் பார்த்துச் செய்து 1914-ல் வைத்தவை. உலகப்போரின்போது உலோகத்துக்காக இவற்றை எடுத்துப் போனார்கள். உருக்காமல் தப்பித் திரும்பி வந்துவிட்டன. அம்மா ஒன்றின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், பலர் தொட்டுத் தொட்டு மழமழவென்று இருந்தது.

பத்து அடித்ததும் கதவு திறந்தது. உள்ளே ஒவ்வொரு கவுண்ட்டர் முன்னாலும் ஊழியர்கள் நேராக நின்றார்கள். நாங்கள் கடக்கக் கடக்க இடுப்பை வளைத்து வணங்கி, "இரஷ்ஷாய்மாசே" என்றார்கள். வாங்க என்று பொருள். வாசலில் தொடங்கி நடைபாதை முடியும்வரை. எங்களுக்கு முன்னால் போன வயதான ஜப்பானியப் பெண்மணி லேசாகத் தலையை அசைத்துக்கொண்டே போனார். அவ்வளவு போதும். பதில் சொல்ல வேண்டியதில்லை, நின்று திருப்பி வணங்க வேண்டியதும் இல்லை. அம்மாவுக்கு அது முடியவில்லை. மெதுவாக நடந்தார், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தலையசைத்தார். "எங்க கடையில காலைல பிரேயர் முடிஞ்சதும் இப்படித்தான் வரிசையா நிப்போம்" என்றார். "ஆனா வர்றவங்க எங்களைப் பார்க்க மாட்டாங்க."

1673-ல் மித்சுய் தகாதோஷி என்ற வியாபாரி எச்சிகோயா என்ற பெயரில் தொடங்கிய கிமோனோ துணிக்கடைதான் இந்த மித்சுகோஷி. அந்தக் காலத்தில் துணி வியாபாரிகள் பணக்காரர் வீடுகளுக்குச் சரக்கைக் கொண்டுபோய்க் காட்டிக் கடனுக்கு விற்பார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். எச்சிகோயாவில் ரொக்கம் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே விலை, பேரம் கிடையாது. முழுச் சுருளாக வாங்க வசதியில்லாதவருக்கு வேண்டிய அளவுக்கு வெட்டியும் கொடுத்தார்கள். இதை வழியில் ரயிலில் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கடைக்குள் வந்தபின் திடீரென்று, "அப்போ ரவிக்கைத் துணி மட்டும் வாங்க வந்தவளையும் உட்கார வச்சுப் பேசியிருக்கான்" என்றார். நான் படித்த எல்லாவற்றையும்விட அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

கிமோனோ தளத்தில்தான் எங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை. ஓரிடத்தில் தரையை உயர்த்திப் பாய் விரித்திருக்கிறார்கள். நம் பட்டுக்கடைகளில் பாயில் உட்கார்ந்து சேலை விரிப்பது போலவே, விற்பனைப் பெண் முழங்காலிட்டு உட்கார்ந்து ஒரு சுருளை விரித்துக்கொண்டிருந்தார். கிமோனோத் துணி ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. அந்த ஒரு சுருளை நேர்க்கோட்டில் மட்டும் வெட்டி ஒரு முழு கிமோனோ தைத்துவிடுகிறார்கள். அம்மா பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வாடிக்கையாளர் போனபின் அந்தப் பெண் அம்மாவின் சேலையைப் பார்த்து ஏதோ கேட்டார். செல்போன் மொழிபெயர்ப்பில் பார்த்தால், "இந்தப் புள்ளிகள் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியவையா?"

ஆமாம். சுங்குடி அப்படித்தான். அவர் உள்ளே போய் ஒரு துணியை எடுத்து வந்தார். ஷிபோரி என்றார், அதே முடிச்சுச் சாயம், பட்டில். வெள்ளைப் புள்ளிகள் அரிசி மணி அளவு. தொடலாமா என்று நான் சைகையில் கேட்க, அவர் துணியை அம்மாவின் கையிலேயே வைத்தார். அம்மா செய்த முதல் காரியம் அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்ததுதான். அந்தப் பெண் சிரித்துவிட்டார். தொழில் தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. விலைச்சீட்டில் எத்தனை பூஜ்யம் என்று நான் எண்ணிப் பார்த்தேன், எங்கள் இரண்டு பேர் விமான டிக்கெட்டுக்கும் மேல். வாங்க முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் பத்து நிமிஷம் பேசினோம்.

விலை உயர்ந்த எதையும் தானாக எடுக்க வேண்டாம், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். போட்டுப் பார்க்கும் அறைக்குள் ஷூவோடு போகக் கூடாது, வெளியே கழற்றிவிட வேண்டும். மேல்சட்டை போட்டுப் பார்க்கும்போது உதட்டுச்சாயம் படாமலிருக்க முகத்துக்கு ஒரு மெல்லிய உறை தருவார்கள், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சரக்கைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். பேரமும் டிப்ஸும் வேண்டவே வேண்டாம். பணத்தைக் கையில் நீட்டாமல் அங்கிருக்கும் சிறு தட்டில் வையுங்கள், மீதியும் அதில்தான் வரும்.

மித்சுகோஷியின் நடுக்கூடத்தில் ஏறத்தாழ 11 மீட்டர் உயரத்துக்கு ஒரு தேவதைச் சிலை நிற்கிறது. சைப்ரஸ் மரத்தில் சாத்தோ கெங்கென் என்ற சிற்பி செதுக்கியது, 1960-ல் திறந்தார்கள். வண்ணமும் பொன்னும் இழைத்து மேகமும் தீயும் சுற்றிவர நிற்கும் அதை, கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது போல அம்மா பார்த்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது சுவர். பளிங்குக்குள் அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் சுருள் ஓடுகள் புதைந்து கிடக்கின்றன. படிக்கட்டு ஓரம் கவனித்துப் பார்த்தால் கண்ணில் படும். மதியம் மேலே பால்கனியில் பைப் ஆர்கன் வாசித்தார்கள். அமெரிக்காவில் வுர்லிட்சர் செய்து 1930-ல் இங்கே வந்த கருவி. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் வாசிக்கிறார்கள். அதற்கு ஏற்றபடி நாளைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். இந்தக் கடைகளில் லிஃப்ட் பக்கம், கழிவறைப் பக்கமெல்லாம் இருக்கை இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற இதைவிட வசதியான இடம் டோக்கியோவில் எனக்குத் தெரியவில்லை.

பிறகு தரைத்தளத்தில் கைக்குட்டை வாங்கினோம். சுற்றுலாக்காரர்கள் தவறவிடும் பிரிவு இது. பெரிய வடிவமைப்பாளர் பெயர் பொறித்த கைக்குட்டைகள்கூட ஆயிரம், இரண்டாயிரம் யென்னுக்குள் கிடைக்கும். அங்கே பல பொதுக் கழிவறைகளில் கை துடைக்க எதுவும் இருக்காது என்பதால் எல்லாரும் கைக்குட்டை வைத்திருப்பார்கள், அதனால் வகையும் அதிகம். அம்மாவோடு பட்டுப் பிரிவில் நின்ற தோழிகள் நாலு பேர், தனக்கு ஒன்று. ஐந்து கைக்குட்டை, ஒன்று 1,100 யென். மொத்தம் 5,500, வரி நீங்கலாகச் சரியாக 5,000.

வெளிநாட்டுப் பயணிகள் ஒரே நாளில் ஒரே கடையில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கு வாங்கினால் 10 சதவீத விற்பனை வரி கிடையாது. சாப்பாட்டுப் பொருளுக்கு வரி 8 சதவீதம். வரம்பைச் சரியாகத் தொட்டுவிட்டோம் என்று சந்தோஷமாகப் பையைத் திறந்தால் பாஸ்போர்ட் இல்லை. இரண்டும் தம்பி வீட்டு மேசையில். செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். நகல் செல்லாது என்று அந்தப் பெண் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார், நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. வரி போனது மட்டும் இல்லை, பெரிய கடைகள் வெளிநாட்டவருக்குத் தரும் 5 சதவீதத் தள்ளுபடி அட்டைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். போதாததற்கு, அந்த நாட்டில் பயணிகள் எப்போதும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே காலையில் கிளம்பும்போதே பையில் போடுங்கள். இன்னொன்று, 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது. கடையில் வரியோடு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, நாடு திரும்பும்போது சுங்கத்தில் உறுதிசெய்த பிறகு வரி திரும்ப வரும். வாங்கிய பொருளைக் கைக்கெட்டும் பையில் வைத்து, விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போவது நல்லது.

கைக்குட்டைகளை அன்பளிப்பாகக் கட்டித் தரச் சொன்னோம். அம்மா கவுண்ட்டரில் சாய்ந்து கண் எடுக்காமல் பார்த்தார். அந்தப் பெண் தாளைச் சாய்சதுரமாக விரித்து, மெல்லிய பெட்டியை ஒரு மூலையில் குறுக்காக வைத்தார். இடது மூலையை மடித்து, பெட்டியைக் கவிழ்த்தார். அதோடு தாளும் கூடவே சுற்றிக்கொண்டு வந்தது. விரல் நகத்தால் ஓரத்தை ஒரு இழுப்பு. இன்னொரு கவிழ்ப்பு. கடைசி நுனி பெட்டியின் நடுவில் வந்து அமர்ந்தது, அதன்மேல் ஒரு துண்டு டேப். ஐந்து பெட்டிக்கும் ஐந்து துண்டு, அவ்வளவுதான். தாளில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கூழாங்கல் போன்ற உருவங்கள். ஓவியர் இனோகுமா கென்இச்சிரோ 1950-ல் வரைந்த வடிவம், ஹனா ஹிராகு என்று பெயர். கடற்கரையில் அலை தேய்த்த கற்களைப் பார்த்து வரைந்தாராம். அதில் கடைப் பெயரைக் கையால் எழுதியவர் அப்போது அங்கே விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த யானசே தகாஷி. பிற்பாடு அன்பான்மான் என்ற குழந்தைகள் கதாபாத்திரத்தைப் படைத்தவர்.

மதியச் சாப்பாட்டில்தான் சிரமம். அம்மா வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டார். தெபாச்சிகா என்று சொல்லும் தரைக்கடிச் சாப்பாட்டுத் தளம் கண்ணுக்குப் பெரிய விருந்து: கண்ணாடிப் பெட்டிக்குள் சாலட், வறுவல், ஊறுகாய், கேக், மரப்பெட்டியில் ஒற்றை மஸ்க் முலாம்பழம். ஆனால் காய்கறிக் கூட்டு போல இருப்பதிலும் கட்சுவோ என்ற உலர்மீனில் இறக்கிய தாஷி என்ற சாறு இருக்கும். பொருட்களின்மேல் ஒவ்வாமைக் குறிப்புகள் இருக்கின்றனவே என்று நம்பிவிடாதீர்கள். கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருட்களில் இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை எல்லாம் உண்டு; மீன் கிடையாது. "தாஷி இருக்கிறதா, அது மீனா?" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைத் தம்பி கொடுத்திருந்தான். மூன்று கவுண்ட்டரில் காட்டினோம். மூன்றிலும் கோப்பைப் புரட்டிப் பார்த்து, மீன் உண்டு என்று நேர்மையாகச் சொன்னார்கள். கடைசியில் ரொட்டி, பழம், இனிப்பு என்று முடிந்தது.

இனிப்பில் நமக்கு வழி இருக்கிறது. யோகன் என்று ஒன்று, சிவப்புப் பயறு விழுது, சர்க்கரை, கடற்பாசி சேர்த்துக் கிண்டிக் கட்டியாக உறைய வைப்பது. பாலும் முட்டையும் இல்லை. நம் நாக்குக்குப் பழக்கப்பட்ட இனிப்பு. அரிசி மாவுக் கொழுக்கட்டை போன்ற மோச்சியும் பெரும்பாலும் சரிவரும். மேல்நாட்டு மாதிரி ஜெல்லியில் மட்டும் ஜெலட்டின் இருக்கலாம், கேளுங்கள். வாங்கியதை அங்கேயே நின்று சாப்பிடும் வழக்கம் இல்லை. மொட்டை மாடித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அங்கே மிமெகுரி கோயிலும் உண்டு, கடை மாடியில் ஒரு சின்னக் கோயில். அம்மா கும்பிட்டுவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரித்தார். மறுபடி அந்தத் தளத்துக்குப் போவதானால் கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போங்கள். சமைத்த உணவுகளில் விலைக் குறைப்பு ஒட்டுச்சீட்டு விழத் தொடங்கும். அரைவிலைக்கு ஹங்காகு என்று பெயர்.

பாலத்தைக் கடந்து தகாஷிமாயா. 1933-ல் திறந்த கட்டடம். பித்தளை நிறத்தில் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட்டை வெள்ளைக் கையுறை அணிந்த பெண் ஒருவர் கையால் இயக்குகிறார். ஒவ்வொரு தளத்திலும் கதவைத் திறந்து, அங்கே என்ன கிடைக்கும் என்று சொல்லி, குனிந்து வழியனுப்புகிறார். கும்பல் ஏறும்போது கதவு யார் மேலும் படாமல் ஒரு கையை மறித்து நீட்டிக்கொள்கிறார். அம்மா அந்த லிஃப்ட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினார். இரண்டாவது முறை இறங்கும்போது என்னிடம், "இந்தப் பொண்ணுக்கு எத்தனை மணிக்கு ஒருதடவை மாத்துவாங்க? கேளேன்" என்றார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தக் கடை மாடியில் ஒரு யானை இருந்தது. 1950-ல் தாய்லாந்திலிருந்து வந்த குட்டியைக் கிரேன் வைத்து மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். பெயர் தகாகோ. போருக்குப் பிறகு வாடிப்போயிருந்த நகரத்துக் குழந்தைகள் பார்ப்பதற்காக. அதற்கு முந்தைய வருஷம்தான் நேரு, ஜப்பான் குழந்தைகள் கேட்டார்கள் என்று இந்திரா என்ற யானையை உவேனோ மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பியிருந்தார். தகாகோ வளர்ந்து மாடி தாங்காது என்றானதும் 1954-ல் படிக்கட்டு வழியாகவே நடத்திக் கீழே இறக்கி அவளையும் உவேனோவுக்கு அனுப்பினார்கள். அம்மா மாடியின் விளிம்பில் நின்று கொண்டு, "படியில எப்படிடி இறங்கியிருக்கும், பயந்திருக்குமே" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார்.

நாங்கள் கிளம்பும்போது வெளியே மழை. எங்களுக்கு அது தெரியவில்லை, ஜன்னலே இல்லாத தளத்தில் இருந்தோம். ஆனால் யோகன் பெட்டியைக் கொடுத்த பெண் காகிதப் பையின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக் கட்டித் தந்தார். அவருக்கு எப்படித் தெரியும்? சில கடைகளில் மழை பிடித்ததும் ஒலிபெருக்கியில் ஒரு குறிப்பிட்ட இசையைப் போடுவார்களாம், ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். தம்பி ராத்திரி சொன்னான். அப்போதே இன்னொன்றும் சொன்னான். முந்தைய வருஷம், 2023 ஆகஸ்ட் 31 அன்று, இகெபுகுரோவில் செய்பு கடை ஊழியர்கள் கடையை விற்பதை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் 61 வருஷத்துக்குப் பிறகு நடந்த வேலைநிறுத்தம். இந்த மாதிரிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. ஷிபுயாவில் தோக்யூவின் பெரிய கடை அதே வருஷம் ஜனவரியில் மூடிவிட்டது. அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டார். தம்பிக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்த மறுவாரம் தோழிகள் நாலு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். கைக்குட்டைப் பெட்டியை வாங்கிக்கொண்ட யாரும் பிரிக்கவில்லை. பிரித்தால் மறுபடி இந்த மடிப்பு வராது என்று ஒருவர் பையில் வைத்துக்கொண்டார். எல்லாரும் போனபின் அம்மா தன்னுடைய பெட்டியை எடுத்து, டேப்பை நகத்தால் மெல்லக் கிளப்பி, தாளைக் கிழியாமல் விரித்து, கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி, பெட்டியைக் குறுக்காக வைத்து மடிக்க ஆரம்பித்தார். முதல் தடவை மூலை வெளியே தள்ளியது. இரண்டாவது தடவை தாள் பத்தவில்லை. நாலாவது தடவை நுனி நடுவில் வந்து உட்கார்ந்தது.